அளந்து போடும் அன்பு

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தன் பணியைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் காலராவும் காய்ச்சலும் அதன் ஊழியர்களையும், அவர்கள் மனைவிமாரையும், பிள்ளைகளையும் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயின. பிழைத்தவர்கள் மலையைத் தேடினார்கள். முதலில் சிறுமலையில் இளைப்பாற இடம் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. கடைசியில் 1845இல் பழனி மலையின் உச்சியில், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பளியர்களும் வில்பட்டி போன்ற பழைய கிராமங்களின் மக்களும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்ந்துவந்த மலை இது. ஆனால் இன்று சுற்றுலாப் பயணிகள் அறிந்த கொடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் வளர்ந்தது.

இந்த வரலாற்றைப் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் குளிர் தேடி வந்த கதையாகவே சொல்கிறோம். அது உண்மைதான். அதோடு இன்னொன்றும் இதில் இருக்கிறது. பிறருக்காகத் தம்மையே கொடுக்க வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர்கள், தம் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்ட இடம் இது. சாகும்வரை சமவெளியில் உழைப்பதே விசுவாசம் என்று அவர்களில் சிலராவது நினைத்திருப்பார்கள். ஆண்டுக்குச் சில வாரம் மலையேறி இளைப்பாறிவிட்டு இறங்குவது பணியைக் கைவிடுவதாகாது, பணி நீடிப்பதற்கான வழி என்பதைப் பல கல்லறைகளுக்குப் பிறகு அந்த மிஷன் கற்றுக்கொண்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் காட் மலைச்சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கமாக மாட்டுவண்டியில் வந்து, கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில்தான் மலையேற வேண்டும். பலர் குதிரையில் போனார்கள், பலரை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்குக் கூலி காட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தூக்கிவந்தவர்களுக்கு மேலே இளைப்பாற வீடு கிடையாது. எல்லை வகுக்கும் உரிமை எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதற்கு இந்த ஒற்றையடிப் பாதையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கிறிஸ்தவ அன்புக்கு எல்லை உண்டா என்று பேசும்போதெல்லாம் அது யாருடைய எல்லை, அதன் சுமையை யார் தோளில் வைக்கிறோம் என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடுதான் நகர்கிறது.

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். மலைக்காய்கறியும் பூண்டும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையில் விளையும் பூண்டு பெரியகுளத்துக்கு அருகே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கி, விளைச்சலை விற்றுக் கழிப்பது வழக்கம். மழை தவறினாலோ விலை சரிந்தாலோ கடன் நிற்கும். அப்போது மனிதர்கள் யாரைத் தேடுவார்கள்? உறவினரை, மகளிர் குழுவை, சபையை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வருவார். "அண்ணே, பேங்க்ல லோன் கிடைக்கிற மாதிரி இருக்கு. ஒரு சாட்சிக் கையெழுத்துதான், வேற ஒண்ணுமில்ல." மலைக்கிராமம் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்தச் சபையிலும் நடக்கும் காட்சி இது. அது சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவானவை என்கிறது. கடன்காரரைத் துரத்திப் பார்த்து முடியாதபோதுதான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. இது தெரியாமலே அன்பின் பேரில் கையெழுத்திட்டு, மகளின் படிப்புக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்தவர்களும், ஐந்து ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்த குடும்பங்களும் நம் சபைகளில் உண்டு.

பைபிள் இதைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் பிறனுக்காகப் பிணைப்பட்டவனை வேடனிடம் சிக்கிய மானாகவும் பறவையாகவும் பார்த்து, தூங்கப் போகுமுன்னே தப்பித்துக்கொள்ளச் சொல்கிறது. அதே புத்தகம்தான் ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்கே கடன் கொடுக்கிறான் என்றும் போதிக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு நிதானம் கிடைக்கிறது. திரும்பி வராவிட்டாலும் நம் வீட்டு அடுப்பு அணையாத அளவுக்கு ஒரு தொகையை, திரும்பக் கேட்காமல், கொடுத்துவிடலாம். நம்மிடம் இல்லாத பணத்துக்கு, நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஈடுவைத்து வாக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அங்கே தியாகம் செய்யப்படுவது நம் பிள்ளைகள்தான், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நல்ல சமாரியன் கதையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவன் காயம் கட்டியதைச் சொல்வார்கள், சாதி பார்க்காததைச் சொல்வார்கள். அவன் என்னென்ன செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தன் பயணத்தை அவன் ரத்துசெய்யவில்லை. அடிபட்டவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு ராத்திரி கூட இருந்து பார்த்துவிட்டு, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து ஒப்படைக்கிறான். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான், வருவதாகவும் சொல்கிறான். தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பு, கையில் ஒரு தொகை, பின்தொடரும் கவனிப்பு. முழுமையான இரக்கம் இத்தனை திட்டமாக இருக்க முடியும் என்பதை லூக்கா பத்தாம் அதிகாரம் ஒரு சிறுகதையில் காட்டிவிடுகிறது.

ஆதிச் சபையும் இதைப் பட்டுத்தான் கற்றது. எருசலேமில் விதவைகளுக்கான அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் தாங்களே ஓடி ஓடிப் பரிமாற முனையவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத் தக்கது. விடுபட்டவர்கள் பக்கத்து மனிதர்களின் கையிலேயே பந்தி வந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் சபை ஆதரிக்கும் விதவைகளின் பட்டியலுக்கு வயது வரம்பு வருகிறது, சொந்தக் குடும்பம் இருந்தால் முதல் கடமை அதற்குத்தான் என்ற விதி வருகிறது. பட்டியலும் வரம்பும் இரக்கத்துக்கு விரோதமாக அன்று யாருக்கும் படவில்லை. கையில் இருப்பது கொஞ்சம், அது ஆதரவே இல்லாதவளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற கவலையே அந்த விதிகளின் அடியில் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே உள்ள டிடகே என்ற கைநூல் இன்னும் வெளிப்படையானது. பெரும்பாலான அறிஞர்கள் முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதும் அந்த நூலின் கையெழுத்துப் பிரதியை பிலோதெயோஸ் பிரையென்னியோஸ் 1873இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டெடுத்து, 1883இல் வெளியிட்டார். கர்த்தரின் பேரால் வரும் எவரையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது அது. வழிப்போக்கர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்க வேண்டாம், ஊரிலேயே குடியிருக்க நினைத்தால் தொழில் செய்து பிழைக்கட்டும், தொழில் தெரியாதவர் என்றால் அவர் சும்மா இராதபடி ஒரு வழியை நீங்களே யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியில்தான் அந்த நூலின் மேன்மை இருக்கிறது. வரம்பு போட்டவர்கள் மீதே ஒரு கடமையையும் அது ஏற்றிவிடுகிறது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதும் நம் வீட்டுப் பேச்சுதான். திருக்குறளிலும் ஈகைக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனி அதிகாரம் இருக்கிறது. தன் வரவின் அளவறிந்து கொடுக்கச் சொல்லும் குறள் அவை இரண்டிலும் இல்லை, பொருட்பாலில் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. கொடுப்பவனின் வலிமையையும் நிலைத்திருத்தலையும் பற்றிய அறிவாக அதை வள்ளுவர் வைத்திருக்கிறார். தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களும் இந்த அறிவை ஒரு வழக்கமாக்கினார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, சபைக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கைதான் அது. ஒரு பிடிக்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை, வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை, தினமும் தவறுவதுமில்லை. பெரிய நன்கொடையாளர் இல்லாத சபைகள் ஊழியக்காரரையும் ஏழையையும் இப்படித்தான் தாங்கின. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா, ஏழைச் சபைகளும் கொடுக்கும் சபைகளாக வளரவேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். வெளியிலிருந்து வரும் தயவிலேயே நிற்கும் சபை கால் ஊன்றாது என்பது அவர் கண்ட அனுபவம். 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டதும் இதே காரணத்தால்தான். கொடுக்கிறவன் மேலேயும் வாங்குகிறவன் கீழேயும் இருக்கும்வரை எத்தனை தியாகமும் உறவாக மாறாது என்று அவர் கண்டிருந்தார்.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் கதை இந்த மலையோடும் தொடர்புடையது. கடைசிக் காலத்தை அவர் கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் கழித்து, 1960 மே மாதம் இங்கேயே காலமானார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததையும், டாக்டரான தந்தையை ஆண் என்பதால் அவர்கள் மறுத்ததையும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததையும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த இரவு ஐடாவிடம் இரக்கம் குறைவாக இல்லை. கையில் தொழில் இல்லை, அவ்வளவுதான். மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை திறந்தது. வாசலில் கூட்டம் பெருகப் பெருக, இரண்டு கைகள் எத்தனை ஓடினாலும் போதாது என்பது தெரிந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். வகுப்பறைக்குச் செலவழித்த ஒவ்வொரு மணிநேரத்திலும் வாசலில் நின்ற சிலருக்கு அவர் கைகொடுக்க முடியாமல் போயிருக்கும். அந்த வலியைத் தாங்கிக்கொண்டு எடுத்த முடிவால்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்று நிற்கிறது.

அதே வேலூருக்கு 1946இல் வந்தவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பணிசெய்த மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மறுபடி விரியவைக்கும் அறுவை சிகிச்சையை அங்கே வளர்த்தெடுத்தார். கை நிமிர்ந்தது. ஆனால் சில மாதங்களில் சிலர் மனம் உடைந்து திரும்பி வந்தார்கள். நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை, தழும்பைப் பார்த்து யாரும் வேலையும் கொடுக்கவில்லை. தாங்கள் பிழைத்துவந்த ஒரே வழியையும் டாக்டர் அடைத்துவிட்டதாக அவர்கள் சொன்னதை பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். உண்மையான அன்பால், உலகத்தரமான திறமையால் செய்த உதவி அது. பெற்றவனின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று முதலில் கேட்காததால் பாதியில் நின்றது. பிராண்ட் அத்தோடு விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் உருவானது. எளிய குடிசைகளில் நோயாளிகள் தங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்று, தொழிலோடு ஊருக்குத் திரும்பினார்கள்.

பிராண்டின் இன்னொரு அனுபவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். மெலிந்த கைக்கு அத்தனை பலம் எப்படி வந்தது என்று பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. பலம் கூடியிருக்கவில்லை, நிறுத்தச் சொல்லும் வலிதான் அற்றுப்போயிருந்தது. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணராத கையை அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்வதால்தான் தேய்கின்றன என்று பிராண்ட் அடித்துச் சொன்னார். சிலருக்கு இரவில் எலி கடித்த காயங்கள் இருந்ததைக் கண்டு, பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். வலியைக் கடவுள் தந்த கொடையாக அவர் எழுதியது இந்த வார்டுகளில் கற்ற பாடத்தால்.

இரவு பகலாக மற்றவர் துக்கத்தைச் சுமக்கும் போதகர்களையும் அவர்கள் மனைவிமாரையும் பார்க்கும்போது அந்தச் சிறுவனின் விரல் என் நினைவுக்கு வருகிறது. களைப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் உடம்பும் மனதும் அனுப்பும் செய்தி. அதை அவிசுவாசம் என்று அடக்கப் பழகியவர்கள் எலும்பு தெரியும்வரை திருப்பிக்கொண்டே இருப்பார்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் ஊரே தேடிக்கொண்டிருந்த காலையில் இயேசு தனியாக ஜெபிக்கப் போய்விட்டார். சீடர்கள் வந்து அழைத்தபோதும் அந்தக் கூட்டத்துக்குத் திரும்பாமல் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்.

இனி இந்தப் பொருளின் மிகக் கனமான பகுதி. எல்லையில்லாத பொறுமையை நம் சபைகள் யாரிடம் அதிகம் கேட்கின்றன? அடிவாங்கும் மனைவியிடம். குடித்துவிட்டு வந்து மண்டையை உடைக்கும் புருஷனைப் பற்றி அவள் வாய்திறந்தால், "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, ஆண்டவர் மாத்துவார்" என்ற பதில் தயாராக இருக்கும். அவன் அழுது மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே அவளைத் திருப்பி அனுப்பிவைப்பார்கள். சொல்பவர் வீட்டில் யாருக்கும் அடி விழுவதில்லை. மலைப்பாதையில் நாற்காலி சுமந்தவனின் தோள் மறுபடி இங்கே வருகிறது.

பொறுத்துப் போகச் சொல்பவர்கள் சாமுவேலின் முதல் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். தன்னைக் கொல்லத் தேடிய சவுலை தாவீது இரண்டு முறை கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருந்தும் தொடவில்லை. இரண்டு முறையும் சவுல் உருகினான், முதல் முறை அழுதான், இரண்டாம் முறை தன் பிழையை ஒப்புக்கொண்டு திரும்பி வரச் சொன்னான். தாவீது பழிவாங்கவில்லை, அரண்மனைக்குத் திரும்பவும் இல்லை. முதல் முறை அரணான இடத்துக்கு ஏறிப் போனான், அடுத்த முறை தன் வழியே போனான். மன்னித்தல் வேறு, ஈட்டி எறிந்த கைக்கு மறுபடி எட்டும் தூரத்தில் உட்காருவது வேறு. யோசேப்பும் சகோதரர்களைப் பார்த்து மறைவில் அழுதான். ஆனால் பென்யமீனை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று சோதித்துப் பார்த்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும், பாதுகாப்பு ஆணை கேட்கும் உரிமையையும் பெண்ணுக்குத் தருகிறது. 181 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். குழந்தைகள் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் புகார் செய்ய வேண்டும் என்கிறது. போதகருக்கும் சபைக் கமிட்டிக்கும் இதில் விலக்கு இல்லை. சபையின் பெயர் கெடும் என்று மூடிமறைப்பவர்கள் குற்றம் செய்தவனுக்குக் காட்டும் தயவை அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்துத்தான் காட்டுகிறார்கள். இந்த எண்களையும் பிரிவுகளையும் ஆலய அறிவிப்புப் பலகையில், கல்யாண ஓலைகளுக்குப் பக்கத்திலேயே, ஒட்டிவைக்கலாம்.

எல்லை என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு கதவடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற பழமொழியை வைத்தே ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்காமல் வாழ்ந்துவிடலாம். நமக்குச் சிரமம் என்பதற்காகப் போடும் கோட்டைக் கடவுள் போட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் முடியும். இந்த இடத்தில் பால் பிராண்டின் தாயார் ஈவ்லின் குறுக்கே வந்து நிற்கிறார். கணவர் ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்த பிறகும் அவர் மிஷன் பணியை விடவில்லை. 1879இல் பிறந்த அவருக்கு 68 வயதானபோது, இனி ஓய்வெடுங்கள் என்றது மிஷன். நியாயமான, அன்பான வரம்புதான் அது. இன்னும் ஓர் ஆண்டு என்று கேட்டு வாங்கினார். அது முடிந்ததும் மிஷனிலிருந்து விலகி, மறுபடி கொல்லிமலைக்கே ஏறிவிட்டார். பிறகு கல்வராயன், பச்சைமலை என்று மற்ற மலைகளுக்கும் போனார். விழுந்து எலும்பு முறிந்த பின்னும் ஊன்றுகோல்களோடு கிராமங்களுக்கு நடந்தும், மட்டக்குதிரையில் ஏறியும் போனார். 1974இல் இறக்கும்போது வயது 95.

எல்லையை மீறிய இந்தக் கிழவியை எடுத்துக்காட்டி, களைத்துப்போன ஓர் இளம் போதகரின் மனைவியிடம் இன்னும் ஓடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஈவ்லின் தன் வரம்பைத் தானே தாண்டினார். அதற்கான விலையைத் தன் எலும்பிலும் தன் வசதியிலும் செலுத்தினார். மலைமக்கள் நடுவில் அவர்களில் ஒருத்தியாக, அசரியா கேட்ட நட்பை ஒத்த ஒரு வாழ்க்கையை வாழ்ந்தார். ஜாமீன் கையெழுத்துக்குத் தன் மகளின் நகையைக் கொடுத்தவரும், அடிவாங்கிய பெண்ணைத் திருப்பி அனுப்பிய கமிட்டியும் செலுத்தியது வேறொருவருடைய விலை.